நான் சொன்னதும் நீ அனுப்பியதும்

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனால் என் எழுத்துகள் கோட்டை மதிக்கவில்லை. சில வரிகள் மாடி ஏறுகின்றன, சில வரிகள் படியில் உருளுகின்றன. நான் ஒரு 'ண' எழுதி முடிக்கிற நேரத்தில் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதி வருகிறேன். எல்லாம் கோலிக்குண்டு அளவுக்கு இருப்பதற்கு எனக்குச் சிறிதாக எழுத வராதது மட்டும் காரணமில்லை. நடுவில் புகையாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் தெரிகிறது என்று ஊருக்குப் போகும் முன் சொன்னாயே, அந்த ஓரத்தால் நீயே இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆமாம், எழுதுவது நான்தான். பக்கத்தில் யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. அதிர்ச்சியில் எழுந்து நிற்காதே. உட்கார். மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடி. பிறகு படி.

நீ கண் வைத்தியத்துக்காக அங்கே போன மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனைக் கீழே வைத்துவிட்டதாக நினைத்து மகளிடம் பேசினாய். போன் அணையவில்லை. "நான் அங்க திரும்பிப் போய் என்னடி பண்றது? எனக்குக் கண்ணு தெரியாது, அவருக்குப் படிக்கத் தெரியாது. மருந்து பாட்டில நடுவுல வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தடவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றாய். மகள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கு நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்காக நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதமாக, "பொழுது எப்படிப் போவுது?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்று சொன்னது முழுப் பொய். வகுப்பில் ஆறு பேர். வயதில் மூத்தவன் நான், ஆனால் மக்கு இல்லை. நடத்துவது கீழே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அம்மா. நம் மகளைவிடச் சின்னவர். நூலக அம்மா என்றே எழுதுகிறேன், நீ யாரென்று குழம்பாதே.

இப்போது என்னால் தெருவில் நடக்க முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் நின்று படிக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் இடித்துவிட்டுத் திட்டுகிறார்கள். அவர்கள் சட்டையில் எழுதியிருப்பதையும் படித்துவிடுகிறேன். நம் தெரு முனைச் சுவரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழேதான் நான் இத்தனை வருஷமாக நம் வீட்டுக் குப்பையைக் கொட்டினேன். அச்சகத்தில் பிழை திருத்துவதையே தொழிலாக வைத்திருந்தவள், அதனாலேயே நான் வாத்தியாரம்மா என்று கூப்பிடுகிறவள், இந்தப் பிழையையும் ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கலாம்.

சரி, உன் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்கிறேன். சொல்கிறேன் என்ன, திட்டப் போகிறேன்.

அச்சகத்து வேலையை வீட்டிலேயே செய்வதற்காக நீ வாங்கி, கூடத்து மூலையில் உறை போட்டு வைத்திருக்கிறாயே, அதேதான். உன் கண்ணைப் பற்றி நூலக அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு ஐயா. எழுத்தைப் பெருசாக்கிக் காட்டும். இன்னொண்ணு வாய்விட்டுப் படிச்சே காட்டும். பார்வை குறைஞ்சவங்க அதை வச்சி வேலையே பாக்கறாங்க. எல்லாம் இலவசம்" என்று சொல்லி, ஒரு தாளில் பெயர்களை எழுதியும் கொடுத்தார். நான் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேர் இழுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன். இலவசம் என்றால் நம் கையிலிருந்து எதுவும் போகாது என்று நினைத்தேன். நேரம் போகும், பொறுமை போகும், பாதி உயிர் போகும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

உறையை எடுத்துப் பொத்தானை அழுத்தினால் அது விழித்தெழப் பதினொரு நிமிடம் ஆகிறது. நான் சவரம் செய்து, பாத்திரம் கழுவி, துணி உலர்த்தி வந்து பார்த்தால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். நீ இதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் இருந்தாய்? நான் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் மட்டும் வாசலில் நிற்பாயே.

ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் அதன் முதுகைத் திறந்து ஊதினார். பன்னிரண்டு வருஷத் தூசி அவர் முகத்தில் அடித்தது. "பெரியவரே, இது கம்ப்யூட்டர் இல்ல, பொட்டி. எடைக்குப் போட்டுட்டு வேற பாருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அம்பது வருஷம் குழாய் வேலை பாத்தவன் நான். தண்ணி வரலைன்னு ஒருத்தர்கிட்டயாவது வீட்டை இடிக்கச் சொல்லியிருப்பேனா?" என்று கேட்டேன். "அப்ப நீங்களே அடைப்பு எடுத்துக்கோங்க" என்று ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எடுத்தேன். எடுத்த லட்சணத்தைக் கேள்.

சாஃப்ட்வேரை இறக்கும்போது திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். சிலவற்றில் ஏற்கெனவே சரி என்று குறி போட்டிருக்கும். வகுப்பில் நான் ஒழுங்காக எழுதினால் நூலக அம்மா என் நோட்டில் போடும் அதே குறி. எனக்கு ஒரே பெருமை. ஒன்றும் செய்வதற்கு முன்பே இவ்வளவு மதிப்பெண் கொடுக்கிறார்களே என்று அவற்றை நான் தொடவில்லை. காலியாக இருந்த கட்டங்களைத்தான் கவலையோடு பார்த்தேன். மதிப்பெண் குறைந்துவிடக் கூடாதே என்று அவற்றிலும் நானே குறி போட்டுவிட்டேன். எல்லாம் சரி, எல்லாம் சரி, அடுத்து, அடுத்து, முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? ஆரம்பித்தது. ஒரு சாஃப்ட்வேரைக் கூப்பிட்டால் அது தன் சித்தப்பா, மாமா, அவர்கள் வீட்டு ஓரகத்தி என்று ஊரையே கூட்டிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறது. நாம் போகாத மூன்று ஊர்களின் மழை நிலவரத்தை ஒன்று சொல்கிறது. இன்னொன்று கலர்க் கற்களை மேலிருந்து கொட்டி, அடுக்கு என்கிறது. நான் எதற்கு அடுக்க வேண்டும்? கொட்டியது அது. சுத்தம் செய்கிறேன் என்று வந்த ஒன்று, யாரோ அரைகுறையாகத் தமிழாக்கிய வாசகத்தில், உங்கள் கணினியில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பிழைகள் உள்ளன என்று சிவப்பில் காட்டியது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உன்னுடைய கம்ப்யூட்டர். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை பிடித்தவளின் கம்ப்யூட்டர். என் கைக்கு வந்த ஒரு வாரத்தில் இந்த நிலைமை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இது போதாதென்று, திருட்டு சாஃப்ட்வேர் உள்ளே வராமல் பார்க்கும் காவல்கார சாஃப்ட்வேர் இரண்டு வந்து சேர்ந்திருந்தன. முதலாவது இரண்டாவதைத் திருடன் என்றது. இரண்டாவது முதலாவதைப் பிடித்துக் கட்டிவைக்கவா என்று என்னிடம் அனுமதி கேட்டது. விழித்தெழ இருபத்தாறு நிமிடம் ஆனது. ரிப்பேர் கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, "ஒரு வீட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் வச்சா திருடன் வரவே வேணாம் பெரியவரே, அவனுங்களே கதவ ஒடச்சிடுவானுங்க" என்று தெருவே கேட்கச் சிரித்தார். அவர் கடைப் பலகையில் ஒரு எழுத்து கழன்று தொங்குகிறது. படிக்கத் தெரிந்ததால் கவனித்தேன். சொல்லவில்லை. தொங்கட்டும்.

நூலக அம்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயா, அந்தக் குறி இருந்தா சரின்னு அர்த்தம் இல்ல. உங்களுக்குப் பதிலா அவங்க சரின்னு சொல்லிக்கிறாங்க. வேணாம்னா நீங்கதான் எடுத்துவிடணும்" என்றார். "அப்ப என் நோட்டுல நீங்க போடறதும் அப்படித்தானா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்.

வந்தவர்களை வெளியே அனுப்ப நான்கு நாள் மத்தியானம் ஆனது. போகச் சொன்னால், உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்கும். உறுதி என்றால், காரணம் என்ன என்று கேட்கும். ஒன்று அழுகிற முகம் போட்டுக் காட்டியது. நான் அதனிடம் வாய்விட்டே, "நீ அழுதா நான் என்ன பண்றது, போய்த் தொல" என்றேன். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, யாரோடு சண்டை என்று கேட்டார்.

எல்லாம் போன பிறகு அது நான்கே நிமிடத்தில் எழுந்தது. அந்த நாளில் உன்னிடம் சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு பெரிதாக்கும் சாஃப்ட்வேர். ஒரு எழுத்தை என் உள்ளங்கை அளவுக்குக் காட்டியது. ஆசை யாரை விட்டது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். கடைசியில் திரை முழுவதும் ஒரு 'க'வின் வயிறு மட்டும் நின்றது. சிறிதாக்கும் பொத்தான் அந்த வயிற்றுக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. பொத்தானைத் தேடி அரை மத்தியானம் ஒரு எழுத்துக்குள்ளேயே சுற்றினேன். உன் பார்வை இப்போது எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

அடுத்தது படித்துக்காட்டும் சாஃப்ட்வேர். அதற்குக் குரல் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் குரல் ஒரு ஆணுடையது. நல்ல கனமான குரல். நாள் முழுவதும் உன் காதருகே உட்கார்ந்து கதை சொல்லப் போகிறவன் இவ்வளவு நல்ல குரலில் பேச வேண்டிய அவசியம் இல்லை என்று அவனை அனுப்பிவிட்டேன். இரண்டாவது, ரயில் தாமதம் என்று அறிவிப்பதற்காகவே பிறந்த குரல். ஐந்தாவதாக வந்த பெண் குரலை வைத்துக்கொண்டேன். சோகம், சிரிப்பு எதற்கும் அசைய மாட்டாள். எல்லாவற்றையும் மருந்துச் சீட்டு மாதிரி படிப்பாள். நீ பாதியில் விட்டுப்போன நாவலை நூலக அம்மா கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். ஓடவிட்டேன். "அவள் கதவைத் திறந்தபோது அங்கே" என்று சொல்லி நின்றுவிட்டாள். அங்கே என்ன? யார்? அரை மணி நேரம் காத்திருந்தேன். பெட்டிக்குள் இடம் நிறைந்துவிட்டதாம், மூச்சு முட்டுகிறதாம்.

இதற்கும் ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு என்றார் நூலக அம்மா. ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடித்துக் காட்டும், ஒன்றை அழித்து இடம் பிடிக்கலாம். இந்த முறை கட்டம் கட்டமாகப் பார்த்து எல்லாக் குறியையும் எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். தேடியது. முதலில் என் வண்டவாளம் வந்தது. இறங்கவில்லையே என்று பொறுமையில்லாமல் நான் ஒன்பது முறை அழுத்திய ஒரே சாஃப்ட்வேர் ஒன்பது முறையும் இறங்கியிருந்தது. அழித்தேன்.

அதற்குக் கீழே, 'கடிதங்கள்' என்ற உன் ஃபோல்டரில் இருந்து பதினொரு ஜோடிகளைக் காட்டியது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே தேதி. ஒன்றின் பெயர் 'சொன்னது' என்று முடிந்தது, இன்னொன்று 'அனுப்பியது' என்று முடிந்தது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, ஒன்றை அழிக்கவா என்று கேட்டது.

அழிக்கவில்லை. இப்போதெல்லாம் நான் எதற்கும் உடனே சரி சொல்வதில்லை. திறந்து படித்தேன். மகளுக்கு நான் சொல்லச் சொல்ல நீ எழுதிய கடிதங்கள். அச்சகத்தில் வந்த தாளையும் வைத்திருப்பார்கள், திருத்திய தாளையும் வைத்திருப்பார்கள் என்று நீ சொல்வாய். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் வைத்திருக்கிறாய் என்று நினைத்து மகிழ்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஃபோல்டரில் எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று ஜோடிகள். பதினொன்றுதான் ஒன்றே போல என்றால், மீதி ஐம்பத்திரண்டும்?

மகள் கல்யாணத்துக்கு மறுவாரம் அண்ணனுக்கு நான் சொன்ன கடிதம் நினைவிருக்கிறதா? மண்டபத்தில் நான் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பது போல நின்றதைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால் கை தட்டிச் சிரித்தானே, அதற்கு எழுதியது. 'சொன்னது' என்பதைத் திறந்து அந்தப் பெண் குரலைப் படிக்கச் சொன்னேன். "அண்ணன் என்று சொல்லிக்கொள்ள உனக்கு நாக்கு கூசவில்லையா. என் வாசலை மிதித்தால் காலை உடைப்பேன். இனி நீ செத்தாலும் நான் வரமாட்டேன்." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு என்பது போலப் படித்தாள். என் பேச்சை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், அப்படியும் தெரியவில்லை.

பிறகு 'அனுப்பியது'. அதை நானே படித்தேன். மூன்று முறை படித்தேன். இப்போது எனக்கு மனப்பாடம்.

"அண்ணனுக்கு, கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தது உண்மைதான். எல்லோர் முன்னாலும் நீ சிரித்ததுதான் எனக்கு வலித்தது. தனியாகச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். மழை விட்டதும் ஒரு நாள் வா. கூடத்துச் சன்னல் மழையில் ஊதிப்போய் மூட மாட்டேன் என்கிறது. உன் கை பட்டால்தான் அது கேட்கும்."

இதை அச்செடுத்த தாளின் அடியில்தான் அன்று நான் கையெழுத்துக்குப் பதிலாக என் வட்டத்தைப் போட்டிருக்கிறேன். காலை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு திருப்தியாக அந்த வட்டத்தைப் போட்டேன் தெரியுமா?

மழை விட்டதும் அவன் வந்தான். தச்சு வேலைக்காரன் ஆயிற்றே, கையில் இழைப்புளியோடு வந்தான். சன்னல் மாட்டிக்கொண்டது இவனுக்கு எப்படித் தெரியும் என்று இத்தனை வருஷம் நான் வியந்துகொண்டிருந்தேன். 'ஒரே கடிதம், ஆள் வழிக்கு வந்துவிட்டான் பார்' என்று வேலை செய்கிற இடத்திலெல்லாம் பெருமை அடித்தேன். மாடி வீட்டுக்காரர் கதையும் இதேதான். நம் சுவரில் நீர் கசிந்ததற்கு, உன் வீட்டுக் குழாயை அடியோடு பிடுங்குவேன் என்று நான் சொல்ல, சனிக்கிழமை எனக்கு ஓய்வு, வந்து சரிசெய்து தருகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை அவர் வந்து கதவைத் தட்டி, கை கூப்பி நன்றி சொன்னார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். போய் ஒரு மணி நேரம் வேலையும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஐம்பத்திரண்டு கடிதங்கள். என் வாயில் உன் வார்த்தைகளை வைத்து என்னை ஊருக்கெல்லாம் நல்லவனாக்கி வைத்திருக்கிறாய். கேட்காமல், சொல்லாமல். கம்ப்யூட்டருக்கு உறையைப் போட்டு மூடிவிட்டேன். ஒரு முழு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. உன் மேல் அவ்வளவு கோபம். கோபத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும், அண்ணனுக்கே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் இருமி இருமிச் சிரித்தான். "டேய், அது உன் பேச்சு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. 'வலிச்சுது'ன்னு நீ எந்தக் காலத்துலடா சொல்லியிருக்க? உன் பொண்டாட்டி கூப்பிட்டா, வந்தேன்" என்றான். இருமல் அடங்கியதும், "நெஜமாவே வலிச்சுதாடா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒன்பது வருஷம் கழித்து, என் வாயால்.

இதை மகள் படித்துக்காட்டும்படி ஆகிவிட்டால், அவள் ஒரு சொல்லையும் மாற்றிப் படிக்கக் கூடாது. அவள் உன் மகள், எனக்கு நம்பிக்கை இல்லை.

அவள்தான் எனக்கு இன்னொன்றும் சொன்னாள். நடுவில் இருக்கும் புகை இனி விலகாது, இருபத்தெட்டாம் தேதி போடப்போகும் கடைசி ஊசி இருப்பதைக் காப்பாற்றத்தான் என்று டாக்டர் சொன்னாராம். நீ என்னிடம், "கொஞ்சம் பரவால்ல, பரவால்ல" என்றுதான் ஞாயிறுதோறும் சொல்கிறாய். எனக்கும் திருத்தித்தான் அனுப்பியிருக்கிறாய், வாத்தியாரம்மா. உனக்கு அங்கே தனி அறை ஒழித்தாகிவிட்டது, சன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கியாகிவிட்டது, ஊசிக்குப் பிறகு நீ அங்கேயே இருக்கப் போகிறாய் என்றும் சொன்னாள். நான் சரிம்மா என்றேன். கட்டத்தில் குறி இருந்தால் சரி என்று அர்த்தமில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தக் குறியை இப்போது எடுத்துவிடுகிறேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மருந்து பாட்டில்களில் எல்லாம் பெரிய எழுத்தில் தாள் ஒட்டிவிட்டேன். உன் கண் மங்கிய பிறகு வாங்கி முழங்காலுக்கு நாம் தேய்த்துக்கொண்டிருந்த தைலம், மரச் சாமான் துடைக்கிற எண்ணெயாம். வலி குறைந்ததாக நாம் இருவரும் நம்பியிருக்கிறோம். கம்ப்யூட்டர் நான்கு நிமிடத்தில் எழுகிறது. உள்ளே நான் தேர்ந்தெடுத்த ஐந்து சாஃப்ட்வேர்தான், அழையாத ஆள் ஒருவர் இல்லை. அந்தப் பெண் குரல்காரி இப்போது நிற்காமல் படிக்கிறாள். கதவைத் திறந்தபோது அங்கே யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கடிதங்களில் ஒன்றையும் அழிக்கவில்லை, சொன்னதும் இருக்கிறது, அனுப்பியதும் இருக்கிறது. அவள் தொண்டை களைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க அவளுக்குத் தெரியவில்லை. அந்த இடங்களை நான் படிக்கிறேன். மெதுவாகத்தான் படிப்பேன், நடுவில் திக்குவேன். திருத்து. வாய்விட்டுத் திருத்து, அதற்குக் கண் வேண்டாம்.

நாற்பத்தொரு வருஷத்தில் உலகத்துக்கெல்லாம் கடிதம் எழுதிய நான், உனக்கு மட்டும் ஒன்றுகூட எழுதியதில்லை. எப்படி எழுதுவது? எழுதித் தருகிறவளே நீதானே. ஆகவே இதுதான் முதல். இதற்கு இரண்டு பிரதி கிடையாது. நான் சொன்னதும் இதுதான், அனுப்பியதும் இதுதான். இருபத்தெட்டாம் தேதி ஊசி முடிந்ததும் வீட்டுக்கு வா. ஐம்பத்திரண்டு கடிதங்களுக்கும் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. எழுத்தில் சண்டை போட எனக்கு இன்னும் வேகம் வரவில்லை.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். பச்சைத் திரை வீணாகிவிடுமே என்று மகள் கவலைப்பட வேண்டாம். வெளிச்சம் அடித்தால் கம்ப்யூட்டரில் எழுத்து தெரியாது என்று நூலக அம்மா சொன்னார், கூடத்துச் சன்னலை அளந்து வைத்துவிட்டேன். அண்ணன் இழைத்த பிறகு அது நன்றாக மூடுகிறது. திரையை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுக்கச் சொல்.

அடுத்த வாரமும் எழுதுவேன். அதைத் தபாலில் போடுவதா, கூடத்து மேசைமேல் வைப்பதா என்பதை மட்டும் நீ சொல்.

இப்படிக்கு,
உன் குழாய்க்காரன்

(ஆள் மாறவில்லை என்பதற்கு, கீழே பழைய வட்டத்தையும் போட்டிருக்கிறேன்.)